ஒற்றை மரங்களின் பட்டியல்

மரத்தின் பருமனை மார்பு உயரத்தில் அளக்க வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம், மேடம். யாருடைய மார்பு என்று கேட்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டர், அவ்வளவுதான். நான் குட்டையானவன். எனக்கு அது மார்பு இல்லை, கழுத்து. இருபத்திரண்டு வருடங்களாக ஆயிரக்கணக்கான மரங்களை என் கழுத்து மட்டத்தில்தான் அளந்திருக்கிறேன். ஒரு எண்ணிலும் யாரும் பிழை கண்டதில்லை.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் சொல்வதைத் தட்டச்சு செய்கிறவருக்கு ஒரு நிம்மதி இருக்கட்டும் என்று சொல்கிறேன். நான் அழ மாட்டேன், மாற்றி மாற்றிப் பேச மாட்டேன். அவருக்குக் கை வலித்தால் சொல்லட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

நீங்கள் காட்டுக்குள் அதிகம் போனதில்லை என்று நினைக்கிறேன். உங்கள் செருப்பைப் பார்த்துச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதனால் வேலையைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது.

காட்டின் ஓரத்தில் ஒரு குடியிருப்பு. முப்பத்துநான்கு வீடுகள். மரம் வெட்டும் கம்பெனி ஒன்று ஒரு காலத்தில் கூட்டிவந்து குடிவைத்த ஆட்கள். கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகும் இவர்கள் போகவில்லை. போக இடமும் இல்லை. அந்தக் குடியிருப்பிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி நாங்கள் ஒரு சதுரம் போட்டோம். இரண்டு கிலோமீட்டரில் ஒன்று, ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று. சதுரம் என்றால் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். உள்ளே நிற்கிற மரம் ஒவ்வொன்றுக்கும் ஒரு அலுமினியத் தகடு, தகட்டில் ஒரு எண். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி எண்ணுவோம். எத்தனை மரம் என்பது பெரிய விஷயமில்லை. எத்தனை வகை என்பதுதான் விஷயம். மனிதர் பக்கத்தில் இருந்தால் வகைகள் குறைகின்றனவா, எவ்வளவு தூரம் வரை குறைகின்றன என்பது கேள்வி. பதிலைப் பார்த்துவிட்டு, அந்த முப்பத்துநான்கு வீடுகளும் அங்கேயே இருக்கலாமா, காலி செய்ய வேண்டுமா என்று துறை முடிவெடுக்கும்.

எனக்குப் பதில் முன்பே தெரியும். அதற்கு முன் வேறு ஐந்து காடுகளில் வேலை செய்திருக்கிறேன். வீடுகளை நெருங்க நெருங்கக் காடு ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசும் ஆளைப் போல ஆகிவிடும். அதே மரம், மறுபடியும் அதே மரம். விறகுக்கு ஆகாத, ஆடு வாய் வைக்காத ஏழெட்டு வகைகள் மட்டும் மிஞ்சி நிற்கும். ஐந்து இடங்களிலும் அப்படித்தான் இருந்தது. ஐந்து முறை நடந்தது ஆறாவது முறையும் நடக்கும் என்று எதிர்பார்ப்பது அறிவியல்தானே.

மூன்றாவது எண்ணிக்கையில் பத்து கிலோமீட்டர் சதுரத்தில் நூற்று முப்பத்தொரு வகைகள் வந்தன. குடியிருப்புக்குப் பக்கத்துச் சதுரத்தில் நூற்று நாற்பத்தாறு.

ஆய்வை நடத்துகிற பேராசிரியை தாளைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். நாங்கள் உலர்த்தும் அறையில் நின்றுகொண்டிருந்தோம். செய்தித்தாள்களுக்கு நடுவே இலைகளை வைத்து அடுப்புச் சூட்டில் காயவைக்கும் அறை அது. எப்போதும் வெந்த கீரை வாசனை அடிக்கும்.

"உங்க முகம் ஏன் இப்படித் தொங்குது? நல்ல செய்திதானே?" என்றார்.

"எண்ணினதுல எங்கயோ தப்பு இருக்கணும், டாக்டர்."

"எண்ணினது நீங்க. நீங்க தப்பா எண்ணுவீங்களா?"

நான் தாளை வாங்கி மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

"அவங்க அங்கங்க ஒரு மரத்த வெட்டுறாங்க. வெளிச்சம் விழுது, புதுசா எதாவது முளைக்குது. கோடையில தீப் பிடிச்சா ஓடிப் போய் அணைக்கிறாங்க. பெரிய மரத்துல கொடி ஏறினா அறுத்து விடுறாங்க. பழத்தத் தின்னுட்டு நடக்கிற வழியெல்லாம் கொட்டையத் துப்புறாங்க. பத்தாவது கிலோமீட்டர்ல துப்புறதுக்கு யாருங்க இருக்கா?" அவர் மறுபடி சிரித்தார். "இன்னும் ஒரு எண்ணிக்கை இப்படியே வந்தா நான் எழுதிக் குடுத்துடுவேன். அந்த ஜனங்க அங்கேயே இருக்கட்டும்னு."

அன்று மாலை என் அறையில் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு விதிவிலக்கு. விதிவிலக்குகள் நீடிப்பதில்லை. முப்பத்துநான்கு வீடு எழுபதாகும், பிறகு கடை வரும், ரோடு வரும். பத்து வருடத்தில் அல்லது இருபது வருடத்தில் அந்தச் சதுரமும் மற்ற ஐந்து காடுகளைப் போல ஊமையாகும். அப்போது காலி செய்யச் சொல்லிப் பயனில்லை. ஆகவே, எப்படியும் நடக்கப்போகிற ஒன்று கொஞ்சம் முன்கூட்டியே நடந்தால், மிச்சக் காடாவது தப்பும். இதில் நியாயமற்றதாக ஏதாவது இருந்தால் நீங்கள் சொல்லலாம். நான் பலமுறை தேடிப் பார்த்துவிட்டேன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாக எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நூற்று நாற்பத்தாறு வகை என்றால் நூற்று நாற்பத்தாறு கூட்டங்கள் என்று வெளியாட்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. பத்துப் பதினைந்து வகைகள் கூட்டமாக நிற்கும். சில வகைகளில் மூன்று, நான்கு மரங்கள். மீதியில் பெரும்பாலானவை ஒன்றே ஒன்றாக நிற்பவை. அந்தச் சதுரத்துக்குள் ஐம்பத்திரண்டு வகைகளுக்கு ஆளுக்கு ஒரே மரம்தான் இருந்தது. எண்ணூறு மரங்களுக்கு நடுவே ஐம்பத்திரண்டு ஒற்றைகள். நூறு மரத்தை வெட்டினாலும், கூட்டத்தில் வெட்டினால் வகை குறையாது. ஒற்றையில் ஒன்று போனால் ஒரு வகை போய்விடும்.

எது ஒற்றை என்று தெரிந்த ஆள் நான் ஒருவன்தான். அவற்றுக்குப் பெயர் கண்டுபிடித்ததே நான். பட்டையைக் கீறி, பாலின் நிறம் பார்த்து, இலையைக் கசக்கி மோந்து, சிலவற்றுக்கு வருடக்கணக்கில் அலைந்திருக்கிறேன். எனக்கு அவைதான் பிடித்தமானவை. ஒரு வகையில் இந்த வேலையை நான் செய்தது நல்லதாகப் போயிற்று. வேறு யாராவது செய்திருந்தால் அந்த மரங்களின் அருமை தெரியாமல் செய்திருப்பார்கள்.

இப்போது என் தங்கையைப் பற்றி. நீங்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறீர்கள் என்று தெரியும்.

அம்மாவும் அப்பாவும் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்துமூன்று. நான்தான் வளர்த்தேன். தலை வாரிவிடுவதிலிருந்து பள்ளிக்கூடத்தில் போய்ச் சண்டை போடுவது வரை எல்லாம் நான்தான். படிப்பு முடிந்ததும் எங்கள் உலர்த்தும் அறையிலேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். காய்ந்த இலையை அட்டையில் வைத்துத் தைக்கும் வேலை. மரத்தின் உள்ளிருந்து பென்சில் கனத்துக்கு மாதிரி எடுப்போம், அது வெடிக்காமலிருக்க முனைகளில் மெழுகு பூசுவோம். அந்த மெழுகை உருக்குவதும் அவள்தான். வெள்ளை மெழுகு மரத்தில் தெரிவதில்லை என்று அவளே ஒருநாள் அதில் சிவப்புச் சாயம் கலந்தாள். கைராசிக்காரி. அவள் தைத்த இலைகள் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும்.

அந்த அறைக்கு இலைக்கட்டுகளைக் கொண்டுவந்து போடுகிறவன் எங்கள் மரமேறி. உயரத்து இலைகளைப் பறித்துத் தர ஆய்வுக்கு ஒரு ஆள் வேண்டும். குடியிருப்பிலிருந்து அவனை எடுத்திருந்தோம். இடுப்பில் ஒரு கயிற்று வளையம், முதுகில் ஒரு கத்தி, மற்றபடி அணில்தான். ஏறுவதற்கு முன் கத்தியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டிக் காது கொடுப்பான். வாய் ஓயாது. நான் அளக்க வரும்போதெல்லாம், "டேப்புக்காரர் வந்தாச்சு, எல்லாரும் வயித்த உள்ள இழுத்துக்கோங்க," என்று மரங்களைப் பார்த்துச் சொல்வான். ஆட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் தங்கை என் தட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அண்ணா, நான் அவரக் கட்டிக்கலாம்னு இருக்கேன்."

"எவர?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க."

"அங்க கரண்டு கிடையாது. தண்ணி எடுக்க நடக்கணும்."

"இங்க எல்லாம் இருக்கு, அண்ணா. வீட்டுல ரெண்டே பேர். ஒருத்தர் மரத்தோட பேசுவார், ஒருத்தி காஞ்ச இலையோட பேசுவா." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். "அவர் என்கூடப் பேசுறாரு."

நான் தடுக்கவில்லை. திருமணத்தை நான்தான் முன்னின்று நடத்தினேன். குடியிருப்பில் எல்லாரையும் கேட்டுப் பாருங்கள், ஒரு குறை சொல்ல மாட்டார்கள். அவன் என்னை மச்சான் என்று கூப்பிட ஆரம்பித்தான். நான் அவனை மாப்பிள்ளை என்றேன். அவள் வேலையை விட்டுவிட்டு அங்கேயே குடிபோனாள்.

நான் செய்ததற்கும் இந்தத் திருமணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. காரணங்களை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். முதல் மரத்தைத் திருமணத்துக்கு அடுத்த திங்கட்கிழமை தொட்டேன். அதற்கு முந்தின வாரம் விடுப்பில் இருந்தேன், அதனால் திங்கட்கிழமை.

செய்கிற முறை எளிது. மாதிரி எடுக்கிற துளைப்பான் என் பையில் எப்போதும் இருக்கும். அதைக் கொண்டு மரத்தில் துளை போடுவதை யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள், அது என் வேலை. வேர் மட்டத்தில், சருகைத் தள்ளிவிட்டு, துளை போட்டு, களைக்கொல்லியைச் செலுத்தி, மெழுகால் அடைத்துவிடுவேன். சருகை மறுபடி இழுத்து மூடுவேன். மாதத்துக்கு ஒன்று, சில மாதம் இரண்டு. மரம் அவசரப்படாது. முதலில் உச்சியில் இலைகள் சின்னதாகும். பிறகு ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகும். ஒரு வருடம், ஒன்றரை வருடம் எடுத்துக்கொள்ளும். நான் போய்ப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சிலவற்றின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். வேறு யார் வந்து நிற்பார்கள் அவற்றுக்கு?

மூன்று வருடத்தில் நாற்பத்தொரு மரங்கள். ஐம்பத்திரண்டையும் தொடவில்லை. எல்லாம் போனால் நம்ப மாட்டார்கள்.

அதில் எண்பத்தெட்டாம் எண் மரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மறைத்ததாக இருக்க வேண்டாம். அதற்குப் பெயர் கிடைக்காமல் இலையை வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். நாலு வருடம் கழித்துக் கடிதம் வந்தது. இந்த இலை எங்கள் இருப்பில் எதனோடும் பொருந்தவில்லை, இதுவரை யாரும் பெயரிடாத வகையாக இருக்கலாம், தயவுசெய்து பூவோடு ஒரு கிளை அனுப்பவும் என்று. மரம் இல்லை என்று ஒரு வரியில் பதில் போட்டேன். அவர்கள் மறுபடி எழுதி, பக்கத்தில் வேறு மரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். மற்ற மூன்று சதுரங்களிலும், நடுவில் உள்ள பாதைகளிலெல்லாம் தேடினேன். இரண்டு மாதம் தேடினேன். இல்லை.

நான்காவது எண்ணிக்கை வந்தது. இறந்த மரங்களுக்கு எதிரே காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. புயல், இடி, நோய், மனிதர் என்று. நாற்பத்தொன்றுக்கும் 'மனிதர்' என்று எழுதினேன். அது பொய் இல்லை. புதிதாக மூன்று வகைகள் முளைத்து வந்திருந்தன. மொத்தம் நூற்றெட்டு. மற்ற சதுரங்கள் எல்லாவற்றையும் விடக் குறைவு. பேராசிரியையிடம் தொலைபேசியில் சொன்னேன். "நான் அவங்கள நம்பிட்டேனே," என்றார். வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகவும், அதற்குப் பிறகு அறிக்கையைத் துறைக்கு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

செய்தி குடியிருப்புக்கு எட்டாமல் இருக்குமா? மாப்பிள்ளை செவ்வாய்க்கிழமை காலையில் சதுரத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அன்று அவன் மரங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தான், கையெல்லாம் மண்.

"மச்சான், ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. எங்கள வெளிய போகச் சொல்லிடுவாங்களாமே?"

"முடிவு துறையோடது."

"மரத்த நாங்க கொன்னுட்டோம்னு எழுதியிருக்காமே?"

"மனிதர்னுதான் எழுதியிருக்கு."

"அது நாங்கதானே? வேற எந்த மனுஷன் இருக்கான் இங்க?" "மச்சான், நான் படிக்காதவன். ஆனா செத்த மரத்தையெல்லாம் ஒவ்வொண்ணாப் போய்ப் பாத்தேன். எல்லாம் ஒத்தை. இலை பறிக்கும்போது நீங்க சொல்வீங்களே, இது ஒண்ணுதான் இருக்கு, பாத்துப் பறின்னு. அதே மரங்க. எங்க ஆளுங்க விறகு வெட்டினா கைக்கு எட்டுறத வெட்டுவாங்க. ஒண்ணே ஒண்ணா இருக்கிறதாத் தேடிப் பிடிச்சு எவன் வெட்டுவான்? அதுக்குக் கையில ஒரு லிஸ்ட்டு வேணும்ல?"

நான் ஆமாம் என்றேன். அவன் சொன்னது சரிதான். ஆய்வுக்கூடத்தில் யாரும் யோசிக்காததை அவன் யோசித்திருந்தான்.

அவன் சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினான். விரல் நுனியளவு சிவப்பு மெழுகு.

"வேரத் தோண்டிப் பாத்தேன். துளைய இத வச்சு அடைச்சிருக்கான். எவனோ மருந்து வச்சிருக்கான், மச்சான்." பிறகு குரலைத் தாழ்த்தி, எனக்காக வருத்தப்படுகிறவனைப் போலச் சொன்னான். "உங்க லிஸ்ட்ட யாரோ திருடிட்டாங்க."

மேடம், நான் அப்போது அவனை நன்றாகப் பார்த்தேன். அவன் நடிக்கவில்லை. அவனுக்கு அந்த எண்ணமே வரவில்லை. தங்கை அவனிடம் என்னைப் பற்றி எவ்வளவு உயர்வாகப் பேசியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

"டாக்டரம்மா வரட்டும், காட்டுவோம். நீங்க சொன்னா நம்புவாங்க. நாங்க தப்பிச்சுடுவோம்," என்றான்.

"மெழுகு மட்டும் போதாது," என்றேன். "மருந்து வச்சதுன்னு சோதனையில தெரியணும். அதுக்கு உச்சியிலேர்ந்து ஒரு கிளை வேணும். இன்னும் பச்சை இருக்கிற கிளை."

இது உண்மை. அப்படித்தான் கேட்பார்கள்.

"எந்த மரத்துல?"

முந்நூற்றுப் பதினேழைக் காட்டினேன், அதுவும் நான் மருந்து வைத்ததுதான். வெள்ளை மரம், வைரம் பாயாத வகை. கொடி ஒன்று உச்சி வரை சுற்றியிருந்ததால் பச்சையாகத் தெரியும். அவன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தான். கத்தியால் தட்டிப் பார்த்தான். முந்தின நாள் முழுக்க மழை. நனைந்த மரம் எல்லாம் ஒரே மாதிரிதான் சத்தம் கொடுக்கும்.

"போன வாரம் இதுல துளை போட்டு மாதிரி எடுத்தீங்களே, உள்ள எப்படி இருந்துச்சு? தாங்குமா?"

போன வாரம் துளைப்பானை வெளியே இழுத்தபோது அதில் மரம் வரவில்லை. தண்ணீரில் ஊறிய ரொட்டி மாதிரி ஏதோ வந்தது.

"கெட்டியா இருந்துச்சு, மாப்பிள்ளை," என்றேன்.

அவன் கயிற்று வளையத்தை மாட்டிக்கொண்டு ஏறினான். வழக்கம்போல வேகமாக ஏறினான், ஏனென்றால் சொன்னது நான். பதினெட்டு மீட்டர் இருக்கும், கொடியை விலக்கிக்கொண்டு ஒரு கிளையைப் பிடித்தான். பெரிய சத்தம் எதுவும் இல்லை. உளுத்த மரம் ஒடிந்தால் இருமல் மாதிரி ஒரு சத்தம்தான் வரும்.

உடனே இறந்தான் என்றுதான் உங்கள் போலீஸ் அறிக்கையில் இருக்கிறது. நான் அப்படித்தான் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்ளுங்கள். அவன் ஏறத்தாழ இருபது நிமிடம் இருந்தான். பழக்கத்தில் மணி பார்த்தேன், ஒன்பது நாற்பது. அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "கிளை கைவிட்டுப் போயிடுச்சு, மச்சான்," என்றான். மன்னிப்புக் கேட்கிற குரல். "இருங்க, வேற எடுத்துத் தர்றேன்." அதற்குப் பிறகு தண்ணீர் கேட்டான், கொடுத்தேன்.

ஜீப் ரோட்டில் நின்றது. ஓடினால் நாற்பது நிமிடம். ஓடியிருந்தாலும் பயன் இருந்திருக்காது என்றுதான் இப்போதும் கணக்குப் போடுகிறேன். குரல் கொடுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். கொடுத்திருக்கலாம். குடியிருப்பு அரை கிலோமீட்டர்தான், காலை நேரம், சத்தம் நன்றாகப் போகும். எனக்கு அங்கிருந்து வந்த சத்தம் கேட்டது. யாரோ பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தேய்க்கிற விதம் எனக்குத் தெரியும், விட்டு விட்டுத் தேய்ப்பாள். அவள் ஓடிவந்து அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்தே ரத்தம் பார்த்தால் மயங்கி விழுவாள்.

பத்து மணிக்கு முடிந்தது.

சட்டைப் பையில் அந்த மெழுகு இருந்தது, எனக்குத் தெரியும். எடுக்கவில்லை. இறந்தவர் பையில் கைவிட எனக்கு மனம் வரவில்லை. என்னைக் கெட்டவன் என்று யாராவது சொன்னால் அந்த ஒரு விஷயத்தை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

பேராசிரியை வியாழக்கிழமை சாவுக்குத்தான் வந்தார். மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அறிக்கை அப்படியே போனது. எட்டு மாதத்தில் லாரிகள் வந்தன. முப்பத்துநான்கு வீட்டுக்காரர்களையும் நெடுஞ்சாலை ஓரத்தில் துறை கட்டிவைத்திருந்த வரிசை அறைகளுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே அளவு அறை, ஒரே நிறக் கதவு, கதவில் எண். ஜன்னலைத் திறந்தால் லாரிகள்தான் தெரியும். முதல் வருடத்திலேயே வயதான நாலு பேர் போய்விட்டார்கள். ஆண்கள் கல் உடைக்கப் போகிறார்கள். மரம் பார்த்துப் பழகிய கைகள், கல்லைக்கூட முதலில் தட்டிப் பார்த்துத்தான் உடைக்கிறார்களாம். அங்கே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

காடு தப்பித்ததா என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். செத்த மரங்களின் இடத்தில் வெளிச்சம் விழும், ஏதாவது முளைக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். கொடிதான் முளைத்தது. அறுத்துவிட ஆள் இல்லாததால் அது மற்ற மரங்களின் மேலும் ஏறியது. இந்தக் கோடையில் தீ வந்தது. அணைக்க யாரும் ஓடிவரவில்லை. ஆறு நாள் எரிந்துவிட்டுத் தானாக நின்றது. நான் போய் எண்ணினேன். யாரும் எண்ணச் சொல்லவில்லை, நானாகப் போனேன். அறுபத்துமூன்று வகைகள். மனிதர் இல்லாத இடத்தில் வகைகள் இப்படிக் குறைந்ததை வேறு எந்தக் காட்டிலும் நான் பார்த்ததில்லை. அடுத்த ஐந்து வருடத்தில் இன்னும் குறையும். அதற்குப் பிறகு எண்ண ஆள் இருக்காது, எண்ணுகிற அளவுக்கு ஒன்றும் இருக்காது.

ஆஸ்பத்திரியில் கட்டிக் கொடுத்த துணிப் பொட்டலத்தைத் தங்கை இத்தனை நாள் பிரிக்கவே இல்லையாம். போன மாதம்தான் பிரித்திருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, என் அலுவலகத்துக்கே வந்தாள். இளைத்திருந்தாள், முன்நெற்றியில் நரை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. மேஜைமேல் அந்தச் சிவப்புத் துண்டை வைத்தாள்.

"அண்ணா, இது நான் காய்ச்சின மெழுகு," என்றாள்.

நான் மேஜைமேலிருந்த தாள்களை அடுக்கினேன்.

"சாயம் கலந்தது நான். என்னை விட்டா இத எடுத்துப் பொழங்குறது ஒரே ஆள்." அவள் குரல் உயரவில்லை. என்னிடம் வளர்ந்தவள் அல்லவா. "அவர் ஏறும்போது மரம் எப்படி இருக்குன்னு உங்ககிட்ட கேட்டிருப்பாரே. கேக்காம ஏற மாட்டாரு. என்ன சொன்னீங்க?"

"சாப்பிட்டியா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

அவள் மெழுகை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கே போனாள் என்று உங்களுக்குத் தெரியும்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். நாற்பத்தொரு மரங்களையும் நான்தான் கொன்றேன். அறிக்கையில் இருக்கிற காரணம் நான்தான். முந்நூற்றுப் பதினேழாம் மரம் ஒரு ஆள் பாரத்தைத் தாங்காது என்று தெரிந்துதான் மாப்பிள்ளையை அதில் ஏறச் சொன்னேன். விழுந்த பிறகு உதவிக்குக் கூப்பிடாமல் இருபது நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாவற்றையும் காட்டுக்காகத்தான் செய்தேன், எனக்கென்று எதுவும் கேட்டதில்லை. எந்தத் தாளில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

அவளை இங்கே வெளியில் உட்காரவைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், கதவு திறந்தபோது செருப்பைப் பார்த்தேன். என்னைப் பார்க்க விரும்பவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். வீட்டுச் சாவியை மட்டும் அவளிடம் கொடுத்துவிடுங்கள், அரிசி வாங்கிப் போட்டிருக்கிறேன். அந்த வரிசை அறையில் இனி அவளுக்கு யார் இருக்கிறார்கள், வீட்டுக்கு வந்துவிடுவாள்.